கிருஷ்ணம்மாவின் காடி

மலாயாவில் கித்தா என்கிற ரப்பரின் விலை படுத்துவிட்ட வருடம் அது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று. உலு திராம் கடைத்தெருவிலிருந்து ஜொகூர் பாருவுக்கு ஓடிய வாடகைக் கார்களில், அங்கத்தியப் பேச்சில் காடிகளில், ஒன்று கிருஷ்ணம்மாவுடையது. அவள் கணவன் லெட்சுமணன் தோட்டத்து லாரி ஓட்டிச் சேர்த்த பணத்தில், சீமைக்குத் திரும்பிப்போன ஒரு துரையிடமிருந்து வாங்கிய பழைய கார். துணிக்கூரை போட்டது, ஏழு பேர் உட்காரலாம். வாங்கிய கொஞ்ச காலத்திலேயே மலேரியா அவனைக் கொண்டுபோய்விட்டது. பிள்ளைகள் இல்லை. காரை விற்றுவிட்டு ஊருக்குக் கப்பலேறு என்று பலர் சொன்னார்கள். ஊரில் அவளுக்கென்று காத்திருப்பவர்கள் யாரும் இல்லை. அதனால் லெட்சுமணனோடு லாரியில் வேலை பார்த்த வேலுவை ஓட்டச் சொன்னாள். வருகிற வசூலை இருவரும் பிரித்துக்கொண்டார்கள். காலையில் கடைத்தெரு முனையில் ஆப்பம் சுட்டும் விற்றாள்.

ஒரு நாள் காலை முதல் நடைக்கு முன்னால் வேலு அவளைக் கூப்பிட்டான்.

"அக்கா, கொஞ்சம் வந்து பாருங்க."

இடப்பக்கத்து முன் சக்கரத்தின் அருகே குந்தியிருந்தான். டயர் மழமழவென்று தேய்ந்து, ஓரிடத்தில் ரப்பருக்கு அடியிலிருந்த துணி வெளுப்பாக எட்டிப் பார்த்தது. விரலால் அதை நெருடிக் காட்டினான்.

"நூலு தெரியுது. அந்தப் பக்கத்து டயரும் இன்னும் கொஞ்ச நாள்தான்."

"ஒட்டுப் போட முடியாதா?"

"டியூபுக்குப் போடலாம். டயருக்கு எங்க போடறது? பழைய டயரு துண்டு ஒண்ணை வெட்டி உள்ள வெச்சிருக்கேன். அது எத்தனை நாளு தாங்கும்னு தெரியல."

விலையைக் கேட்டாள். அவன் சொன்னதைக் கேட்டு விரல் மடக்கிக் கணக்குப் போட்டாள். புருஷனும் பெண்சாதியும் ஒரு மாதம் முழுக்க மரத்தில் பால் வெட்டினாலும் ஒரு டயருக்கான கூலி தேறாது. இங்கே வேண்டியதோ இரண்டு.

"அடுத்த மாசம் பார்க்கலாம் வேலு. இந்த மாசம் லைசென்ஸ் கட்டணும். மெதுவாவே ஓட்டு."

"மெதுவாத்தான் ஓட்டறேன்," என்றான் வேலு.

கிருஷ்ணம்மா கஞ்சத்தனம் பிடித்தவள் அல்ல. தோட்டங்கள் பாதி மரங்களைப் பால் வெட்டாமல் போட்டுவிட்டன. தொழிலாளர் குடியிருப்பான லயங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்களைக் கப்பலேற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மிச்சமிருந்தவர்கள் பயணத்தைத் தள்ளிப் போட்டார்கள், அல்லது நடந்தார்கள். சந்தை நாளில் மட்டும் கூட்டம் இருக்கும். அன்றைக்கு ஏழு பேர் இடத்தில் ஒன்பது, பத்துப் பேரை ஏற்றச் சொல்லியிருந்தாள். அந்தக் கூட்டத்தோடு கார் ஓடுவது எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. லெட்சுமணன் போன பிறகு அவள் அதில் ஏறியதே இல்லை.

லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்ற அவளே ஜொகூர் பாருவுக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் ஒரு சந்தை நாளில், நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, முன் இருக்கையில் வேலுவுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தாள். பின்னால் ராசம்மா இருந்தாள். லயத்துக்குப் பின்னால் வெற்றிலைக் கொடி வளர்த்து, வாராவாரம் சந்தையில் விற்பவள். கால்மாட்டில் இரண்டு கூடை வெற்றிலை. அவளை ஒட்டித் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி அமலநாதன், வெள்ளைக் கோட்டு கசங்காமலிருக்க உடம்பைக் குறுக்கிக்கொண்டு. கைக்குழந்தையோடு பேச்சியம்மாள். பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரர்கள் மூன்று பேர். போதாதென்று காருக்கு வெளியே கால்படியில் இருவர் நின்றார்கள். நெரிசலில் குழந்தை வீரிட்டு அழுதது.

"இங்க குடும்மா, நான் வெச்சுக்கறேன்," என்று கிருஷ்ணம்மா அதைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டாள்.

செம்மண்ணும் சல்லியும் கலந்த சடக்கில் கார் நகர்ந்தது. வளைவு வரும்போதெல்லாம் வேலு இருக்கையிலிருந்து எழும்பி இடப்பக்கத்துச் சக்கரத்தை எட்டிப் பார்ப்பதை அவள் கவனித்தாள். பாதி வழியில் நிறுத்தி, இறங்கிப்போய், டயரின் மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றான். சூடு தணிய வேண்டுமாம். இன்னொரு வாடகைக் கார் ஹாரன் அடித்துக்கொண்டு புழுதியைக் கிளப்பி அவர்களைத் தாண்டிப் போனது.

"என்னப்பா வேலு, இன்னைக்குள்ள போய்ச் சேருவமா?" என்றார் அமலநாதன். எல்லோரும் சிரித்தார்கள். வேலுவும் சிரித்தான்.

கிருஷ்ணம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இது இவனுக்கு இன்றைக்கு மட்டும் நடப்பதல்ல, ஒவ்வொரு நடையும் இப்படித்தான் ஓட்டுகிறான் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. திரும்பிப் போய்விடலாம் என்று சொல்ல வாயெடுத்தாள். கார் அதற்குள் தெப்ராவ் பாலத்துக்கு முந்தின இறக்கத்தில் இறங்கத் தொடங்கியிருந்தது.

துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். கார் இடப்பக்கம் வெட்டி இழுத்தது. வேலு பிரேக்கைத் தொடவில்லை. இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தபடி உடம்பையே பின்னுக்குச் சாய்த்தான். கால்படியில் நின்றவர்கள் குதித்துவிட்டார்கள். கார் சடக்கைவிட்டு இறங்கி, லாலான் புல்லுக்குள் ஓடி, ஒரு மரக்கட்டையில் மோதிச் சாய்ந்து நின்றது. குழந்தையைச் சுற்றி உடம்பை வளைத்துக்கொண்ட கிருஷ்ணம்மாவின் தோளில் ஏதோ பலமாக இடித்தது.

ஒரு நொடி எந்தச் சத்தமும் இல்லை. பிறகு குழந்தை அழுதது. அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் அவள் பிடியைத் தளர்த்தினாள். தலையைத் தூக்கிப் பார்த்தாள். பாலத்தின் மரக் கைப்பிடி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதற்குக் கீழே ஆறு, மழைத் தண்ணீரில் கலங்கி, கரை முட்ட ஓடியது.

சிராய்ப்பும் வீக்கமும் தவிர மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. ராசம்மா மட்டும் வெளியே விழுந்து, சிதறிக் கிடந்த வெற்றிலைகளுக்கு நடுவே வலக்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என் கை போச்சே! என் கை போச்சே!"

பாலத்தருகே காவலில் இருந்த மலாய்ப் போலீஸ்காரர் சைக்கிளில் வந்தார். என்ன நடந்தது என்று வேலுவிடம் கேட்டார்.

"ஆணி குத்திடுச்சு, துவான்," என்றான் வேலு.

தன்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்கிறான் என்று கிருஷ்ணம்மாவுக்குத் தெரிந்தது. பேசாமல் இருந்தால் அத்தோடு போய்விடும். ராசம்மாவைப் பார்த்தாள். குழந்தை இன்னும் கிருஷ்ணம்மாவின் இடுப்பில்தான் இருந்தது. தனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்.

"ஆணி இல்ல, துவான். டயரு தேஞ்சு போச்சு. இவரு எங்கிட்ட முன்னாடியே சொன்னாரு. நான்தான் ஓட்டச் சொன்னேன். காடி என்னோடது."

போலீஸ்காரர் குனிந்து கிழிந்த டயரைப் புரட்டினார். "அலமாக்!" என்று உச்சுக் கொட்டினார். முன் டயர் இரண்டையும் மாற்றாமல் இந்த வண்டி சடக்கில் ஏறக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, அந்த வழியாக வந்த லாரி ஒன்றை நிறுத்தி ராசம்மாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார். குழந்தையைப் பேச்சியம்மாளிடம் கொடுத்துவிட்டு, கிருஷ்ணம்மாவும் கூடவே ஏறிக்கொண்டாள். லைசென்ஸ் அவளுக்கு நினைவே இல்லை.

காரை மாடு கட்டி இழுத்து வந்து கடைத்தெருவுக்குப் பின்னால் நிறுத்தினார்கள்.

"எதுக்கக்கா உண்மையச் சொன்னீங்க? ஆணின்னே விட்டிருக்கலாம்," என்றான் வேலு.

"அடுத்த தடவையும் ஆணின்னு சொல்லுவியா?"

அவள் கிழிந்த டயரை இழுத்து முன்னால் போட்டாள்.

"இதை எனக்குச் சொல்லிக் குடு. நல்லது எது, கெட்டது எதுன்னு எப்படிப் பார்க்கறது?"

அவன் டயரை விரித்து உட்புறத்தைக் காட்டினான். வெளிப்பக்கம் யாரும் கறுப்புப் பூசி ஏமாற்றலாம். உள்ளே துணி வெடித்திருக்கிறதா, கொப்புளம் போல் எழும்பியிருக்கிறதா என்று விரலால்தான் தடவிப் பார்க்க வேண்டும். அவள் கையை உள்ளே விட்டுத் தடவினாள். வேலு வைத்த துண்டு கந்தலாகக் கையோடு வந்தது.

ராசம்மாவின் கைக்குக் கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆப்ப வியாபாரம் முடிந்ததும் கிருஷ்ணம்மா அவள் வீட்டுக்குப் போய்ச் சோறாக்கினாள். வெற்றிலை கிள்ளிக் கட்டி, கோத்தா திங்கிப் பக்கம் போகும் வியாபாரியிடம் கொடுத்து விற்றுக் காசைக் கொண்டுவந்து வைத்தாள். ராசம்மா அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. சோற்றைத் தின்றுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அப்படி இருக்கும்போதுதான் ஜொகூர் பாருவிலிருந்து பழைய கார் வாங்கி விற்கும் ஒருவர் வந்தார். காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அவள் எதிர்பார்த்ததைவிட நல்ல விலையே சொன்னார்.

"இந்த லைன்லதான் ஓட்டப் போறேன். எங்க ஆளு வந்து எடுத்துக்குவான்."

"டயரு?" என்று கேட்டாள் கிருஷ்ணம்மா.

"பழசு ரெண்டு கெடக்குது, போட்டுக்குவோம் லா. ரெண்டு மாசம் ஓடும்."

"அதுக்கப்புறம்?"

"அப்புறம் பார்த்துக்கலாம்."

அது அவளே சொன்ன பேச்சு. அவர் வாயிலிருந்து வரும்போது வேறு மாதிரி கேட்டது. இந்தக் காரை விற்றால் தன் தலையிலிருந்து பாரம் இறங்கும். ஆனால் அதே இறக்கத்தில், அதே இருக்கையில், அதே ராசம்மாதான் உட்கார்ந்து போவாள்.

"விக்கலைங்க," என்றாள்.

அன்று மாலை ராசம்மாவிடம் நடந்ததைச் சொன்னாள். ராசம்மா முதல் தடவையாகச் சுவரிலிருந்து திரும்பினாள்.

"நல்ல வெலைதானே? வித்துத் தொலைக்க வேண்டியதுதானே?"

"அவங்க பழைய டயரைப் போட்டு ஓட்டுவாங்க. அதுலதான் நீ சந்தைக்குப் போவ."

ராசம்மா கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். "நான் செத்துப் போயிருந்தா என்னடி பண்ணியிருப்ப?" என்று கேட்டாள். கேட்கும்போதே அழுதுவிட்டாள். கிருஷ்ணம்மாவும் அழுதாள். இருவரும் அழுது முடித்த பிறகு, கைக்கு ஈடாக நான் உனக்கு என்ன செய்யட்டும் என்று கிருஷ்ணம்மா கேட்டாள்.

"காசு குடுத்தா வாங்கித் தின்னுட்டுத் தீர்த்துடுவேன். எனக்குச் சந்தைக்குப் போகணும். பயமில்லாமப் போகணும். புது டயரு போடு. ஆளை அடைக்காத. கால்படியில ஒருத்தரையும் நிக்க வைக்காத."

"ஆளைக் கொறைச்சா கூலியக் கூட்டணுமே ராசம்மா. டயரு வாங்கறதுக்கே எங்கிட்ட ஒண்ணுக்குத்தான் இருக்கு."

"கூட்டிக்க. அஞ்சு காசு கூடக் குடுத்துட்டு முழுசாப் போய்ச் சேர்றேன்." சொல்லிவிட்டு ராசம்மா எழுந்து உட்கார்ந்தாள். "இன்னொண்ணுக்கு நான் வழி பண்றேன்."

மறுநாளே கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டபடி லயம் லயமாகப் போனாள். சந்தைக்குப் போகும் பெண்களிடம், அடுத்த மாதக் காடிக் கூலியை இப்போதே கொடுங்கள், புது டயர் போட்ட காரில் போகலாம் என்றாள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சிலர் அவள் கையைப் பார்த்துவிட்டு முந்தானை முடிச்சை அவிழ்த்தார்கள். பேச்சியம்மாள் தேடிக்கொண்டு வந்து கொடுத்தாள். "என் புள்ளைய அந்தக்கா விடலையே," என்று மட்டும் சொன்னாள்.

கிராணி அமலநாதன் லேசில் இணங்கவில்லை.

"ஓடாத காடிக்குக் கூலியா? நல்லா இருக்கே நியாயம்!"

"டொரத்தியம்மா ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு எதுல போவாங்க, கிராணியாரே?" என்றாள் ராசம்மா.

அவர் மனைவி டொரத்தி ஜன்னலுக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "குடுத்துடுங்க," என்றாள் உள்ளேயிருந்து. பிறகு வெளியே வந்து சொன்னாள். "போலீஸ்காரர் முன்னாடி அந்தம்மா பொய் சொல்லலைன்னு நீங்கதானே வந்து சொன்னீங்க? பொய் சொல்லாதவங்ககிட்ட குடுக்கறதுக்கு என்ன?"

அமலநாதன் உள்ளே போய்ப் பணத்தை எடுத்துவந்தார்.

இன்னொருவர் காரில் ஏறி, கிருஷ்ணம்மா, ராசம்மா, வேலு மூன்று பேரும் ஜொகூர் பாருவுக்குப் போனார்கள். ரயிலடிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சீனரின் டயர் கடை. கடைக்காரர் முதலில் பளபளவென்று கறுத்த இரண்டு டயர்களை உருட்டிக்கொண்டு வந்தார். பாதி விலை என்றார். வேலு வாயைத் திறக்குமுன் கிருஷ்ணம்மா குனிந்து ஒன்றின் உள்ளே கையை விட்டுச் சுற்றித் தடவினாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இங்க வெடிச்சிருக்கு, தவுக்கே."

கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு உள்ளே போய், காகிதம் சுற்றிய புது டயர்களைக் கொண்டுவந்தார். விலையைக் கேட்டதும் ராசம்மா மலாயில் கொதித்தாள்.

"நாங்க வெட்டற பாலை மண்ணு வெலைக்கு வாங்கறாங்க. அதே பாலு கப்பல்ல போயி உருண்டையா வந்தா இந்த வெலையா?"

"என்னைக் கேட்டா? எனக்கும் கூலாய்ப் பக்கம் ரெண்டு ஏக்கர் கித்தா இருக்கு. மரத்தைத் திரும்பிப் பார்க்கவே பிடிக்கலை," என்றார் கடைக்காரர்.

இதற்கு ராசம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவள் விலையை விடவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையை மேசை மேல் எடுத்து வைத்துக்கொண்டு, அது முறிந்த கதையை ஆதியோடந்தமாகச் சொன்னாள். கடைக்குள் வந்த வேறு இரண்டு பேர் கதை கேட்க நின்றுவிட்டார்கள். கதையில் அவர் காட்டிய கறுப்புப் பூசிய டயர் வரும் இடம் நெருங்கியபோது கடைக்காரர் விலையைக் குறைத்தார். புது டியூப் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார்.

முன் சக்கரங்கள் இரண்டிலும் வேலு புது டயரை மாட்டினான். பின்னால் இருந்தவை லெட்சுமணன் கடைசியாக மாற்றியவை. கிருஷ்ணம்மா அவற்றையும் கழற்றச் சொல்லி, உள்ளே தடவிப் பார்த்த பிறகுதான் மறுபடி மாட்டவிட்டாள். அவையும் அடுத்த வருடம் மாற்ற வேண்டியவைதான். அதற்காகத் தினமும் ஆப்பக் காசில் கொஞ்சம் ஒதுக்க ஆரம்பித்தாள். பாலத்தருகே அந்தப் போலீஸ்காரர் காரை நிறுத்தி, குனிந்து பார்த்து, தலையாட்டி அனுப்பினார். லைசென்ஸும் அவள் பெயருக்கு வந்தது.

முதல் நடையில் ஏழு பேர்தான் ஏறினார்கள். எட்டாவதாக வந்தவரிடம் அடுத்த நடைக்கு வரச் சொன்னான் வேலு. அவர் திட்டிக்கொண்டே வேறு காரைத் தேடிப் போனார். கிருஷ்ணம்மாவும் அன்று முன் இருக்கையில் இருந்தாள். தெப்ராவ் இறக்கத்தில் இறங்கும்போது பின்னாலிருந்து ராசம்மாவின் இடக்கை அவள் தோளைப் பிடித்துக்கொண்டது. பாலத்தைத் தாண்டிய பிறகும் கொஞ்ச தூரம் அந்தக் கை அங்கேயே இருந்தது. வேலு எட்டிப் பார்க்காமல், நேராக முன்னால் பார்த்து ஓட்டினான். வழியில் எங்கேயும் இறங்கவில்லை. சந்தைக்குப் போய்ச் சேர்ந்ததும், "வேலு, நீ பாட்டுப் பாடுவேன்னு எனக்குத் தெரியாதே," என்று ராசம்மா சொன்ன பிறகுதான், வழியெல்லாம் தான் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தது அவனுக்கே தெரிந்தது.

வசூல் உடனே கூடிவிடவில்லை. முன்பணம் கொடுத்தவர்கள் போய் வந்து கழியும்வரை கையில் காசு புரளவே இல்லை. ஆனால் கடைத்தெருவில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. காரில் ஏறுமுன் பெண்கள் குனிந்து சக்கரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். என்ன பார்க்க வேண்டும் என்று ராசம்மா சொல்லிக் கொடுத்திருந்தாள். ஒரு நாள் கிராணி அமலநாதனே, அன்று அவர்களைத் தாண்டிப் புழுதி கிளப்பிப்போன காரின் முன்னால் நின்று, வெள்ளைக் கோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான்கு டயர்களையும் சுற்றிப் பார்த்தார்.

"இடம் காலியாத்தானே இருக்கு, ஏறுங்க கிராணியாரே," என்றான் அந்தக் காரை ஓட்டும் மனோகரன்.

"இருக்கட்டும். நான் அடுத்ததுல வர்றேன்," என்று அவர் விலகிப் போனார்.

அந்த வாரக் கடைசியில் மனோகரன் தயங்கித் தயங்கி வேலுவிடம் வந்தான்.

"அண்ணே, நீங்க டயரு வாங்கின கடை எங்க இருக்கு?"

வேலு தெருவையும் கடையின் அடையாளத்தையும் சொன்னான். மனோகரன் தலையாட்டிவிட்டுக் கிளம்பினான்.

"நில்லு," என்று வேலு கூப்பிட்டான். "தனியாப் போகாத. ராசம்மாக்காவைக் கூட்டிட்டுப் போ. வெலை கொறையும்."